மூச்சைப் பிடித்துக்கொண்டு

மொட்டை மாடியில் கம்பத்தோடு கட்டி வைத்திருக்கும் குழாயின் வாயருகே போனால், இன்றைக்கும் என்னை அறியாமல் மூச்சு நின்றுவிடும். ஒருமுறை துணி காயப்போட வந்த என் மனைவி பார்த்துவிட்டுப் பயந்தே போனாள். "என்னங்க, நெஞ்சு அடைக்குதா?" நெஞ்சு அடைக்கவில்லை, முப்பத்தேழு வருஷத் தொழில் பழக்கம். நாம் வெளிவிடும் மூச்சில் நூற்றுக்கு நாலு பங்கு கார்பன் டை ஆக்சைடு. எங்கள் தொழிலில் பத்து லட்சத்துக்கு எத்தனை பங்கு என்று பிபிஎம்மில் பேசுவோம். அந்தக் கணக்கில் மூச்சு 40,000, வெளிக்காற்று 425-ஐ ஒட்டி. குழாய் வாயில் ஒரு பெருமூச்சு விட்டால் அன்றைய அளவு போச்சு. கண்ணாடிக் குடுவையில் காற்றுப் பிடிப்பவர்கள் அதனால்தான் மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு, எதிர்காற்றில் நின்று மூடியைத் திறப்பார்கள். ஹவாயில் எரிமலைச் சரிவில் நிற்பவருக்கும் புதுச்சேரிக் கடற்கரையில் நிற்பவருக்கும் இந்த ஒழுங்கு ஒன்றுதான்.

நான் விஞ்ஞானி இல்லை. இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ படித்த டெக்னீஷியன். சொந்த ஊர் சிங்கப்பெருமாள் கோவில். 1982-ல் கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். வெளிநாட்டு வாயு அளவுக் கருவிகளை வாங்கிவந்து ஆலைகளில் பொருத்திக் கொடுத்து, சர்வீஸும் பார்க்கிற கம்பெனி. காலையில் செங்கல்பட்டிலிருந்து வரும் ரயிலைப் பிடித்து, தாம்பரத்தில் மாறி, கிண்டியில் இறங்கி நடந்தால் எட்டரைக்கு வேலை. அதுவும் வேலை என்பது பெரும்பாலும் ஊர் ஊராகப் பாய்லர் புகைபோக்கி ஏறுவதுதான். புகையில் கார்பன் டை ஆக்சைடு 12 சதவீதம் காட்டினால் எரிபொருள் ஒழுங்காக எரிகிறது. 8-க்கு இறங்கினால் தேவைக்கு அதிகமாகக் காற்று உள்ளே போய், சூட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுகிறது. ஆலைக்காரருக்கு அது காசு.

எனக்கு வாய்த்த சீனியர் அதிகம் பேசமாட்டார். முதல் நாள் ஒரு கருவியின் மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே கைவிரல் பருமனில் இரண்டு குழாய்கள். ஒன்றில் நாம் அளக்க வேண்டிய காற்று ஓடும். மற்றதில் நைட்ரஜனை அடைத்து முத்திரை வைத்திருக்கும். சூடான கம்பியிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர் இரண்டு குழாய் வழியாகவும் போகும், நடுவே ஒரு சக்கரம் சுற்றி அதை வெட்டி வெட்டி அனுப்பும். முனையில்தான் சூட்சுமம். அங்கே இரண்டு சின்ன அறைகள், நடுவில் மெல்லிய உலோகச் சவ்வு, இரண்டு அறையிலும் நிரப்பியிருப்பது கார்பன் டை ஆக்சைடு. அந்த வாயு எந்தக் கதிரை விழுங்குமோ அதே கதிரைத்தான் முனையில் உட்கார்ந்திருக்கும் வாயுவும் எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. வழியிலேயே யாராவது விழுங்கிவிட்டால் அந்தப் பக்கத்து அறை சூடேறாது, சவ்வு ஒரு பக்கம் லேசாக ஒதுங்கும். அந்த ஒதுக்கத்தை மின்சாரமாக மாற்றி முள்ளை நகர்த்துகிறார்கள். பாம்பின் கால் பாம்பறியும் என்பதை அப்படியே கருவியாகச் செய்து வைத்தது மாதிரி இருந்தது எனக்கு. 1938-ல் ஜெர்மனியில் இதைச் செய்தவர் பெயர் லுஃப்ட். ஜெர்மன் மொழியில் லுஃப்ட் என்றால் காற்று என்று பின்னால் தெரிந்துகொண்டபோது சிரித்துவிட்டேன்.

சீனியர் மூடியைத் திருப்பிப் பூட்டிக்கொண்டே சொன்னார்: "இது கரியமில வாயுவை அளக்குதுன்னு நெனச்சிக்காத தம்பி. இந்தக் குழாய்க்கும் அந்தக் குழாய்க்கும் என்ன வித்தியாசம்னுதான் சொல்லும். ஒப்பிடற சரக்கு சரியில்லைன்னா இது சொல்றது அத்தனையும் பொய்."

அப்போது அது எனக்கு ஏதோ கேலிப்ரேஷன் பாடமாகத்தான் தோன்றியது. காலையில் நைட்ரஜன் விட்டுச் சுழியம் வை, பிறகு சிலிண்டர் வாயு விட்டு மேல் அளவு வை, அவ்வளவுதான் என்று எழுதிக்கொண்டேன். அவர் சொன்னதற்கு முழு அர்த்தம் புரிய முப்பது வருஷம் ஆயிற்று.

அந்தச் சவ்வு ஒரு மைக் மாதிரி என்பதை மட்டும் சீக்கிரமே புரிந்துகொண்டேன். ஒரு ஆலையில் முள் ஒரு நிமிடம்கூட நிற்காமல் துடித்தது. மூன்று நாள் மின்சுற்றை நோண்டிவிட்டுக் கடைசியில் சுவரில் கை வைத்துப் பார்த்தால், அந்தப் பக்கம் கம்ப்ரஸர். சவ்வு வாயுவைக் கேட்பதற்குப் பதில் கம்ப்ரஸரைக் கேட்டுக்கொண்டிருந்தது. கருவிக்கு அடியில் பழைய லாரி டியூபைக் காற்றடைத்து வைத்ததும் முள் அடங்கியது. அந்தக் காலத்தில் எங்கள் பையில் ஸ்குரூ டிரைவரோடு ரப்பர் துண்டுகளும் இருக்கும். ஊரில் அம்மா ஒருநாள், "அப்படி என்னடா அந்த மிஷின் பாக்குது?" என்று கேட்டாள். எங்கள் ஊர்க் குடைவரைக் கோயிலில் பாடலாத்ரி நரசிம்மருக்கு நெற்றியில் மூன்றாவது கண் உண்டு. அர்ச்சகர் திருநாமத்தை விலக்கித் தீபம் காட்டுவார். "அந்த மாதிரிம்மா, நம்ம கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தைப் பாக்குது" என்றேன். மிஷினுக்கு ஒரு கும்பிடு போட்டிருப்பாள், பக்கத்தில் இருந்திருந்தால்.

தொண்ணூறுகளில் பிழைப்பு ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு இறங்கியது. 1989 மோட்டார் வாகன விதிகள் வந்து, புகைச் சான்றிதழ் கட்டாயமாகி, பெட்ரோல் பங்க் ஓரங்களில் பி.யூ.சி. மையங்கள் முளைத்தன. உள்ளே இருப்பது அதே அகச்சிவப்புக் கதைதான், சவ்வுக்குப் பதில் சின்ன வடிகட்டிக் கண்ணாடியும் சென்சாரும். முதலில் வந்தவை கார்பன் மோனாக்சைடை மட்டும் பார்த்தன. பிறகு நான்கு வாயு பார்க்கும் பெட்டி வந்தது. 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புது கார்களுக்கு ஈயமில்லாப் பெட்ரோலும் கேட்டலிடிக் கன்வர்ட்டரும் வந்தபோது, நல்ல காரின் புகையில் பழைய பெட்டிக்குக் காட்டுவதற்கே ஒன்றும் இல்லாமல் போயிற்று.

அந்த மையங்களில் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. சான்றிதழில் கார்பன் டை ஆக்சைடுக்கு வரம்பு கிடையாது. அது எரிந்தால் வந்தே தீரும், குற்றமில்லை. ஆனால் அதுதான் சாட்சி. பெட்ரோல் எஞ்சினின் புகையில் அது 13, 14 சதவீதம் இருக்க வேண்டும். தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு மையத்தில், கருவி எல்லா வண்டிக்கும் பாஸ் போடுகிறது, ரிப்பேரா பாருங்கள் என்று கூப்பிட்டார் முதலாளி. போய்ப் பார்த்தால் கருவி முத்தாக இருக்கிறது. அரை மணி நேரம் டீ குடித்துக்கொண்டு சும்மா வேடிக்கை பார்த்தேன். வேலை செய்த பையன் உறிஞ்சு குழாயை சைலன்ஸருக்குள் முழுக்க விடாமல், வாயிலேயே தொட்டும் தொடாமலும் பிடித்திருந்தான். புகையோடு வெளிக்காற்றும் கலந்து போக, எல்லா விஷமும் பாதியாகக் காட்டியது. கார்பன் டை ஆக்சைடு எண்ணைப் பார்த்தேன், 6. "தம்பி, இந்த வண்டி பாதி மூச்சுதான் விடுதா?" என்றேன். "சூடா இருக்குண்ணே, கை சுடுது" என்றான். கைக்கு ஒரு தோல் உறை வாங்கிக் கொடுத்தால் முடிகிற விஷயம். அதை முதலாளியிடம் சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும், கை சுடுவது மட்டும் காரணம் இல்லை என்று விளங்கியது. அடுத்த வருஷம் அந்த மையத்தின் சர்வீஸ் எனக்கு வரவில்லை.

2000-ஐ ஒட்டித்தான் வெறுங்காற்றை அளக்கும் வேலை வந்தது. புறநகரில் ஒரு ஆய்வு வளாகம், பெயர் வேண்டாம். வளிமண்டலக் கார்பன் டை ஆக்சைடை அளக்கக் கருவி வாங்கியிருந்தார்கள். கருவியைப் பொருத்தத் தெரிந்த ஆள் வேண்டும் என்று கம்பெனிக்குக் கடிதம். நான் பெருமிதத்தோடு போனேன், பதினெட்டு வருஷ அனுபவம் அல்லவா. பேராசிரியர் கேட்டார்: "எத்தனை துல்லியமா வைப்பீங்க?" பாய்லர் நினைப்பில், "கால் சதவீதத்துக்குள்ள நிறுத்திடுவேன் சார்" என்றேன். அவர் கோபப்படவில்லை. கால் சதவீதம் என்றால் 2,500 பிபிஎம். அவருக்கு வேண்டியது 0.1 பிபிஎம். மொத்தக் காற்றிலேயே அன்றைக்கு இருந்தது 370 பிபிஎம் சொச்சம்தான். சர்க்கரை மூட்டை நிறுத்தவனைக் கூப்பிட்டுத் தங்கம் நிறுக்கச் சொன்ன கதை.

அவரிடம்தான் கீலிங் கதையைக் கேட்டேன். சார்லஸ் கீலிங், அமெரிக்கர். ஐம்பதுகளின் நடுவில் கலிஃபோர்னியாவில் ராத்திரி பகலாக விழித்து, குடுவை குடுவையாகக் காற்றுப் பிடித்தவர். இரவில் எண் ஏறுகிறது, இடத்துக்கு இடம் மாறுகிறது. ஆனால் பிற்பகலில் எங்கே பிடித்தாலும் 310-ஐ ஒட்டியே நிற்கிறது. வெயில் தரையைச் சூடாக்கி, காற்று மேலும் கீழுமாகப் புரண்டு நன்றாகக் கலந்துவிடும் நேரம் அது. 1958 மார்ச்சில் ஹவாயின் மௌனா லோவாவில் அவர் நிறுத்திய கருவி எங்கள் சீனியர் திறந்து காட்டியதற்கு அண்ணன் தம்பி: இரண்டு குழாய், சுற்றும் சக்கரம், அகச்சிவப்பு. முதல் மாத எண் 313 பிபிஎம். அதே கருவி 2006 வரை ஓடியது. அதிசயம் கருவியில் இல்லை, அதைச் சுற்றி அவர் கட்டிய சிலிண்டர் வரிசையில் என்று பேராசிரியர் சொன்னபோது எனக்குக் கிண்டி ஞாபகம் வந்தது. ஒவ்வொரு சிலிண்டரையும் அதற்கு மேலான ஒன்றோடு ஒப்பிட்டு, அதை இன்னொன்றோடு ஒப்பிட்டு, கடைசியில் கண்ணாடிக் கலத்தில் வாயுவைப் பிரித்து அழுத்தமும் கனஅளவும் பார்த்து எண்ணிய எண்ணில் கொண்டுபோய்க் கட்டியிருந்தார். இன்றைக்கு உலகத்துக்கே தாயாக நிற்கும் சிலிண்டர்கள் அமெரிக்காவில் போல்டர் நகரத்தில் இருக்கின்றன.

நம் நாட்டில் கோவாவின் கேப் ராமாவில் 1993 முதல் குடுவையில் காற்றுப் பிடித்து ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். பிறகு லடாக்கில் 4,500 மீட்டர் உயர ஹான்லே, நம் பக்கத்தில் புதுச்சேரி, அந்தமானில் போர்ட் பிளேர். அந்தக் குடுவைகள் பிரான்சுக்குப் போயின. இங்கே பிடித்த காற்றைக் கப்பலும் விமானமும் ஏற்றி அனுப்புவானேன் என்று நானும் கேட்டிருக்கிறேன். ஒரே தராசில் எல்லா ஊர்க் காற்றையும் நிறுக்க வேண்டும், அதனால்தான்.

எங்கள் வளாகத்தில் முதல் எதிரி ஈரம். சென்னைக் காற்றில் நூற்றுக்கு மூன்று பங்கு நீராவி இருப்பது சாதாரணம். அந்த மூன்று பங்கு, மற்ற எல்லாவற்றையும் மூன்று பங்கு விலக்கி உட்காரும். உலர்ந்த காற்றில் 400 இருந்தால் ஈரக் காற்றில் 388 காட்டும். புழுக்கம் கூடும்போது கார்பன் டை ஆக்சைடு குறைந்த மாதிரி தெரியும், உண்மையில் குறைந்திருக்காது. அதனால் காற்றைக் குளிர்ந்த ஆல்கஹாலில் முங்கிய கண்ணாடிக் குழாய் வழியாக விட்டு, நீரை உறைய வைத்துப் பிரிக்க வேண்டும். குளிர்நாட்டில் எழுதிய கையேடு, நீரைப் பிடிக்கும் இந்தப் பொறியை வாரம் ஒருமுறை மாற்று என்றது. ஐப்பசியில் எங்களுக்கு ஒரே இரவில் பனிக்கட்டி அடைத்து பம்ப் முனகத் தொடங்கிவிடும். இரண்டு பொறிகளை மாற்றி மாற்றி ஓட வைத்து, ராத்திரி இரண்டு மணிக்கு மாற்ற வாட்ச்மேனுக்கும் கற்றுக்கொடுத்தேன். அவர் பேரேட்டில் எழுதிய நேரக் குறிப்புகள் ஆராய்ச்சி மாணவர்கள் எழுதியதைவிடச் சுத்தமாக இருக்கும்.

இரண்டாவது எதிரி லீக். உறிஞ்சுகிற பக்கத்தில் ஊசிமுனை ஓட்டை இருந்தால் மாடிக் காற்றோடு அறைக் காற்றும் கலக்கும், அறையில் மூன்று பேர் மூச்சுவிட்டுக்கொண்டிருப்பார்கள். சோப்பு நுரை இதற்கு உதவாது, நுரையையே உள்ளே இழுத்துவிடும். நாங்கள் கண்டுபிடித்தது அல்ல, தொழிலில் எல்லோரும் செய்வதுதான்: ஒரு ஸ்ட்ராவை வாயில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு இணைப்பிலும் மெல்ல ஊதுவது. எங்கே ஊதும்போது எண் எகிறுகிறதோ அங்கே ஓட்டை. மாடியில் அடக்க வேண்டிய மூச்சு, அறைக்குள் கருவியாகிவிடும்.

மூன்றாவது விஷயத்தை எதிரி என்று சொல்ல மாட்டேன், ஆனால் எங்களை நன்றாக ஏமாற்றியது. ஒரு மாணவர், கெட்டிக்காரப் பையன், ஒருநாள் கண்கள் மின்ன வந்தார். போன ஆண்டு இதே மாதப் பிற்பகல்களைவிட 2 பிபிஎம் கூடியிருக்க வேண்டும். அதில் பாதிதான் கூடியிருந்தது, கடைசி வாரங்களில் அதுவும் தேய்ந்துகொண்டே வந்தது. "சார், உலகமெல்லாம் ஏறுது, நம்ம ஊர்ல மட்டும் ஏற மாட்டேங்குது. சுத்தி இருக்கற காடும் ஏரியும் இழுக்குதுன்னு நினைக்கிறேன்." கட்டுரைக்குத் தலைப்புகூட வைத்துவிட்டார். நான் எதுவும் சொல்லாமல் ஒப்பீட்டுச் சிலிண்டரின் மீட்டரைப் போய்ப் பார்த்தேன். 140 பாரில் வந்த சிலிண்டர், 9 பாரில் நின்றது. அலுமினியச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் கார்பன் டை ஆக்சைடு, அழுத்தம் குறையக் குறையக் கழன்று வாயுவோடு சேரும். அதனால் சிலிண்டரின் கடைசி மூச்சில் எண் கொஞ்சம் கூடிவிடும். சீட்டில் எழுதிய பழைய எண்ணையே நாம் நம்பிக்கொண்டிருந்தால், வெளிக்காற்று அந்த அளவுக்குக் குறைந்ததாகத் தெரியும். புதுச் சிலிண்டரைப் பூட்டியதும் ஊர் ஒரே மதியத்தில் உலகத்தோடு சேர்ந்துகொண்டது. மாணவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. 20 பாருக்குக் கீழே எந்தச் சிலிண்டரையும் நம்பாதே என்று சுவரில் சிவப்பு மையில் எழுதி ஒட்டியது அவர்தான்.

2013 வாக்கில் தொழில் தலைகீழாகத் திரும்பியது. அதுவரை காற்றைக் குழாய்க்குள் இழுத்து அளந்தோம். இனிமேல் கருவி மாடியில் உட்கார்ந்து சூரியனைப் பார்க்கும் என்றார்கள். சூரிய வெளிச்சம் நம்மை வந்து சேருவதற்குள் வளிமண்டலம் முழுவதையும் கடந்து வருகிறது. வழியில் கார்பன் டை ஆக்சைடு தனக்குப் பிடித்த நிறங்களைக் கடித்து வைத்துவிடும். எவ்வளவு கடித்திருக்கிறது என்று பார்த்தால் தலைக்கு மேல் விண்வெளி வரை நிற்கும் காற்றுத் தூண் முழுவதன் கணக்கும் கிடைக்கும். கருவிக்குள் வெளிச்சத்தை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் குறுக்கு வழியிலும் ஒன்றைச் சுற்று வழியிலும் அனுப்பி மறுபடி சேர்ப்பார்கள். சுற்று வழியின் நீளத்தை நகரும் கண்ணாடி மாற்றிக்கொண்டே இருக்கும், அது நகர்ந்த தூரத்தை லேசர் அளக்கும். பெரிய கருவியில் இந்தப் பாதை வித்தியாசம் 45 சென்டிமீட்டர், ஆள் தூக்கும் பெட்டியில் 1.8 சென்டிமீட்டர். வருகிற அலையை ஃபூரியே கணக்கில் போட்டுப் பிரித்தால் திரையில் நிறமாலை எழும். 1.6 மைக்ரான் பக்கம் கார்பன் டை ஆக்சைடின் கோடுகள் வரிசையாக, சீப்புப் பல் மாதிரி நிற்கும். முதல்முறை அதைத் திரையில் பார்த்தபோது, புகைபோக்கி ஏறி இறங்கிய வருஷங்களில் நான் தடவித் தடவி அளந்த ஆளை நேரில் பார்த்த மாதிரி இருந்தது.

இதற்கு சிலிண்டர் வேண்டாம் என்றார்கள். அதே வெளிச்சத்தில், 1.27 மைக்ரானில், ஆக்சிஜனும் தன் கடியை விட்டிருக்கிறது. உலர்ந்த காற்றில் ஆக்சிஜன் 20.95 சதவீதம், ஊருக்கு ஊர் மாறாது. கார்பன் டை ஆக்சைடை ஆக்சிஜனால் வகுத்துவிட்டால் சூரியன் சாய்ந்திருந்தால் என்ன, கருவி கொஞ்சம் குறி தப்பியிருந்தால் என்ன, இரண்டும் ஒன்றாகவே தவறி, வகுக்கும்போது அடிபட்டுப் போகும். ஒப்பிடும் சரக்கை வானத்திலேயே தொங்கவிட்டிருக்கிறார்கள்! சீனியர் உயிரோடு இருந்தால் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன்.

கருவி என்னமோ ஐரோப்பிய வெயிலுக்குப் பிறந்தது. சூரியனைத் துரத்தும் கண்ணாடி கிழக்கிலிருந்து மேற்காகக் கழுத்தைத் திருப்பிக்கொண்டே போகும். ஏப்ரல் 24 வாக்கில் ஒரு நாள் உச்சி வேளையில் சட்டென்று சூரியனை விட்டுவிட்டது. மேகம் இல்லை, மின்சாரமும் போகவில்லை. மறுநாளும் அதே நேரம், அதே கோளாறு. மாடிக்கு ஏறிப் பார்த்தால் கைப்பிடிச் சுவருக்கு நிழலே இல்லை. சென்னைப் பக்கம் வருஷத்தில் இரண்டு நாள், ஏப்ரல் 24-ஐயும் ஆகஸ்ட் 18-ஐயும் ஒட்டி, சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அந்தக் கணத்தில் கழுத்து கிழக்கிலிருந்து மேற்குக்கு ஒரே வெட்டில் திரும்ப வேண்டும், மோட்டாருக்கு அத்தனை வேகம் இல்லை. நாற்பத்தொன்பது டிகிரி அட்சரேகையில் சோதித்தவர்களுக்கு இந்த நிழலில்லா நாள் கனவிலும் வந்திருக்காது. அந்த நாட்களில் மட்டும் பெட்டியைத் தெற்கு நோக்கிக் கொஞ்சம் சாய்த்து வைத்தோம், பெட்டியின் உச்சி நம் உச்சியிலிருந்து விலகியது, பிரச்சினை தீர்ந்தது. செய்த இடத்துக்கு எழுதினோம். நன்றி சொல்லிப் பதில் வந்தது.

மற்றபடி எங்கள் மாடி தந்த தொல்லைகள் எல்லாம் உள்ளூர்ச் சரக்கு. கண்ணாடியில் உப்புப் படலம், காக்கை எச்சம், சூரியனைத் துரத்தும் கண்ணாடியின் உறைக்குள் பல்லி முட்டை. ஆய்வுக்கூடத்தில் இருந்த பழைய கருவியொன்றில் வெளிச்சத்தைப் பிரிக்கும் தட்டு பொட்டாசியம் புரோமைடு. உப்புதான், ஈரம் பட்டால் மங்கிப்போகும். சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து ரோஸாக மாறுவதற்குள் மாற்றி மாற்றி அலுத்து, கடைசியில் கேமரா கடைக்காரர்கள் லென்ஸ் அலமாரியில் செய்வதைத்தான் செய்தேன். பெட்டிக்குள் 40 வாட் குண்டு பல்பு, இரவும் பகலும். ஐப்பசி கார்த்திகையில் வானமே தெரியாது, கருவிக்கு விடுமுறை. தையிலிருந்து சித்திரை வரைதான் எங்களுக்கு அறுவடை.

சீனியரின் வாக்கு பலித்தது அதற்குப் பிறகுதான். சூரியனைப் பார்க்கும் இந்த நிலையங்களின் உலகக் கூட்டணி 2004-ல் அமெரிக்காவின் பார்க் ஃபால்ஸில் முதல் நிலையத்தோடு தொடங்கியது. வானத்து ஆக்சிஜனால் வகுத்து வந்த எண், உண்மையைவிட நூற்றுக்கு ஒரு பங்கு தப்பாக நின்றது. ஆய்வுக்கூடத்தில் அந்தக் கோடுகளின் வலிமையை அளந்ததிலேயே அந்தச் சிறு பிசகு இருந்தது. நூற்றுக்கு ஒன்று என்றால் 4 பிபிஎம், இரண்டு வருஷ ஏற்றம். எப்படிக் கண்டுபிடித்தார்கள்? விமானத்தில் குழாய்க் கருவியை ஏற்றி நிலையத்துக்கு மேலே சுருள் சுருளாகப் பறந்து, அடுக்கடுக்காகக் காற்றை அளந்து ஒப்பிட்டார்கள். விமானத்திலிருந்த கருவி எதை வைத்து ஒப்பிட்டது? சிலிண்டர்! 2009-ல் ஏவிய ஜப்பானின் கோசாட், 2014-ல் ஏவிய அமெரிக்காவின் ஓகோ-2 எல்லாம் விண்வெளியிலிருந்து தரும் எண்களை இந்தத் தரை நிலையங்களோடு சரிபார்க்கிறார்கள். ஹைதராபாத் பக்கம் ஷாத்நகரில் தேசியத் தொலையுணர்வு மையமும் இப்படியொரு கருவியை வைத்துச் செயற்கைக்கோளோடு ஒப்பிட்டிருக்கிறது. செயற்கைக்கோள் தரை நிலையத்தை நம்புகிறது, தரை நிலையம் விமானத்தை, விமானம் சிலிண்டரை, சிலிண்டர் போல்டரில் இருக்கும் தாயை.

2019-ல் ஓய்வு பெற்று ஊரோடு வந்துவிட்டேன். பழக்கம் விடவில்லை, கழித்துக்கட்டிய குழாய்க் கருவி ஒன்றை வாங்கிவந்து மாடியில் பூட்டினேன். ஒரகடம் போகும் லாரிகள் ரயில்வே கேட்டில் எஞ்சினை அணைக்காமல் நின்ற நாட்களில், மார்கழி விடியலில் எண் 500-ஐத் தாண்டும். பதினொரு மணிக்கு மேல் வெயில் ஏற ஏற இறங்கி, இரண்டு மணிக்கு உலகத்தோடு சேர்ந்துகொள்ளும். கீலிங் பார்த்த அதே பிற்பகல்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டில் நாய்கள் நடுச்சாலையில் படுத்துத் தூங்கின. அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக, "சார், காத்து சுத்தமாயிடுச்சா? உங்க மிஷின் என்ன சொல்லுது?" என்று கேட்டார்கள். விடியல் எண் கொஞ்சம் தணிந்தது, அவர்கள் நினைத்த அளவு இல்லை. ராத்திரியில் மண்ணும் மரமும் விடும் மூச்சுக்கு ஊரடங்கு ஏது? அந்த மே மாதம் மௌனா லோவாவில் 417, அதுவரை காணாத உச்சம். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் இதை நம்பவே இல்லை. "கொளவாய் ஏரிக்கு வர்ற வாய்க்கால்ல தண்ணி கொஞ்சம் கொறைஞ்சா, ஏரி எறங்கிடுமா சார்? கொஞ்சம் மெதுவா ஏறும், அவ்வளவுதான்" என்றேன். "கலங்கல் இல்லாத ஏரியா அது?" என்று கேட்டார். இருக்கிறது, கடலும் காடும். வருவதில் பாதியைத்தான் அவை வாங்கிக்கொள்கின்றன என்றேன். அதன் பிறகு அவர் கேட்கவில்லை.

போன மாதம் பேத்தி ஆன்லைனில் ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வாங்கியிருந்தாள். தீப்பெட்டி அளவு, உள்ளே அதே அகச்சிவப்பு. ஏசி போட்டுக் கதவு சாத்திய படுக்கையறையில் விடியும்போது 1,800 காட்டியது, நியாயம்தான். ஜன்னலைத் திறந்து வைத்தால் 400 காட்டியது, அங்கேதான் இடித்தது. இந்தச் சின்னப் பெட்டிகளில் பல, ஒரு வாரத்தில் தான் பார்த்த குறைந்தபட்ச எண்ணையே வெளிக்காற்று என்று வைத்துக்கொண்டு, அதற்கு 400 என்று பெயரிட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும். வெளிக்காற்று 400-ஐத் தாண்டிப் பல வருஷம் ஆகிறது. "இது 400-ன்னு அடம் பிடிக்குது கண்ணு, இதுக்கு ஒப்பிட ஆள் இல்ல" என்றேன்.

"உங்ககிட்ட இருக்கா தாத்தா?"

மாடிப்படிக்குக் கீழே ஒரு அலுமினியச் சிலிண்டர் நிற்கிறது. வளாகத்தில் கழித்தபோது நான் கேட்டு வாங்கி வந்தது. கழுத்தில் சீட்டு இன்னும் இருக்கிறது: 2001-ம் ஆண்டு, 371 பிபிஎம் சொச்சம். உலகத்துக்கான ஒப்பீட்டுச் சிலிண்டர்களைக் கொலராடோவில் நைவாட் மலைமுகட்டில் ஊதுகிற காற்றை வைத்தே நிரப்புவார்கள். அப்படிப் பார்த்தால் உள்ளே இருப்பது அவள் பிறப்பதற்கு வெகுகாலம் முந்தைய மலைக்காற்று. திறந்து முகர்ந்து பார்க்கலாமா என்று கேட்டாள். வாசனை ஒன்றும் இருக்காது என்றேன். அவள் மீட்டரின் அளவுக்கு இந்தச் சிலிண்டர் போதும், மெல்லிய குழாய் போட்டு ஒரு நிமிடம் விட்டோம். 400 என்று அடம் பிடித்த பெட்டி 349-க்கு இறங்கியது. அவள் சீட்டைப் படித்தாள், கழித்தாள், 22 பிபிஎம் குறைவாகச் சொல்கிறது என்று நோட்டில் எழுதினாள். நான் வால்வை மூடிவிட்டு மீட்டரைப் பார்த்தேன். 21 பார்.